உழவரும் ஆராய்ச்சிக்கூடமும்

தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. வள்ளுவரும் அப்பொருளில் அச்சொல்லை ஆண்டிருக்கிறார். மாடு உள்ளவரை செல்வம் உண்டு; மாடு மாண்டால் செல்வம் போயிற்று. இதனை நம் உழவர் பெருமக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொழுவத்தில் நின்ற பசு ஒன்று காரணம் தெரியாமல் விழுந்து இறந்தால், அவ்வீட்டில் அன்று அடுப்பெரிவதில்லை. அக்கம்பக்கத்தார் வந்து துக்கம் விசாரிப்பர். கண்ணேறு என்பார் சிலர். கெட்ட காலம் என்பார் சிலர். பின்னர் மாட்டைப் புதைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது ஏன் இறந்தது என்ற கேள்வியும் மாட்டோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது.

அக்கேள்வியை மண்ணில் புதைக்காமல் ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே கொண்டு சென்ற உழவர் ஒருவரைப் பற்றியும், அதற்கு விடை தேடிய ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். அவ்வுழவர் அமெரிக்க நாட்டினர். அந்தப் பல்கலைக்கழகம் அந்நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் என்னும் நகரில் உள்ளது. அங்கே கண்டறியப்பட்ட பொருள்கள் இன்று நம் ஊர் அங்கன்வாடியிலும், வயல் வரப்பிலும், மாவட்ட மருத்துவமனையிலும் வழங்கி வருகின்றன. ஆதலால் அக்கூடத்தின் பணியையும் நோக்கத்தையும் நாம் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

மாநிலத்தின் எல்லையே பல்கலைக்கழகத்தின் எல்லை

விஸ்கான்சின் பால்வளம் மிக்க மாநிலம். அங்குப் பல்கலைக்கழகம் 1848இல் நிறுவப்பட்டது. 1903 முதல் 1918 வரை அதன் தலைவராயிருந்தவர் சார்லஸ் வான் ஹைஸ் என்பவர். பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்று சேரும் வரையில் தமக்கு மனநிறைவு ஏற்படாது என்பது அவருடைய கொள்கை. மதிற்சுவரோடு பல்கலைக்கழகம் முடிந்துவிடுவதில்லை, மாநிலத்தின் எல்லையே அதன் எல்லை என்ற இக்கருத்து ‘விஸ்கான்சின் கோட்பாடு’ எனப் பெயர் பெற்றது. மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் கல்வி நிலையம் மக்களின் துன்பத்துக்கு மருந்து தேட வேண்டும் என்பதே இதன் சாரம்.

கோட்பாடுகளை எழுதி வைப்பது எளிது. அதனைச் செயலில் காட்டியவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் ஸ்டீபன் பாப்காக் என்னும் வேளாண்மை இரசாயன அறிஞர். பாலில் உள்ள கொழுப்பின் அளவைச் சில நிமிடங்களில் கண்டறியும் முறையை அவர் 1890இல் வகுத்தார். அதற்கு முன்பு தண்ணீர் கலந்த பாலுக்கும் கலப்பற்ற பாலுக்கும் ஒரே விலை கிடைத்து வந்தது. அவருடைய சோதனை வந்தபின் நேர்மையான உழவருக்கு உரிய விலை கிடைத்தது. இம்முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எல்லாரும் பயன்படுத்திக்கொள்ள இலவசமாகவே வழங்கினார். நம் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் கொழுப்பைப் பார்த்தே விலை வைக்கிறோம். கருவிகள் மாறியுள்ளன; நியாயம் அதுவேயாகும்.

பதினாறு கிடேரிகள்

பாப்காக்குக்கு நெடுநாளாக ஓர் ஐயம் இருந்தது. தீவனத்தில் புரதம் இவ்வளவு, மாவுப்பொருள் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்தால் போதும், எந்தத் தானியமாயினும் ஒன்றே என்று அக்காலத்து இரசாயன அறிஞர்கள் கூறி வந்தனர். மாடு இக்கணக்கை ஒப்புக்கொள்ளுமா என்பதே அவருடைய ஐயம்.

அதனைச் சோதித்துப் பார்க்க 1907ஆம் ஆண்டு 16 கிடேரிகளைத் தேர்ந்தெடுத்தனர். நான்கு நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மக்காச்சோளமும் அதன் தாளும், இரண்டாவதற்குக் கோதுமையும் அதன் வைக்கோலும், மூன்றாவதற்கு ஓட்ஸ் தானியமும், நான்காவதற்கு இம்மூன்றும் கலந்த தீவனமும் அளித்தனர். கணக்கின்படி நான்கு தீவனங்களிலும் சத்து சமமே. நான்கு ஆண்டுகள் கழித்து என்ன கண்டனர்? மக்காச்சோளம் தின்றவை மினுமினுப்பாக வளர்ந்து வலிமையான கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் தின்றவை மெலிந்தன, கண்பார்வை இழந்தன, அவை ஈன்ற கன்றுகள் பிழைக்கவில்லை. மற்ற இரு பிரிவுகளும் இடைப்பட்ட நிலையில் இருந்தன. கோதுமைப் பிரிவு மாடுகளுக்கு மக்காச்சோளம் கொடுத்தபோது அவை தேறின.

ஆகவே, கணக்கில் அகப்படாத ஏதோ ஒன்று உணவில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. இப்பணியில் ஈடுபட்டிருந்த எல்மர் மெக்காலம் என்பவர், மாட்டைக் கொண்டு சோதித்தால் ஆண்டுகள் பல கழியும் என்று கருதி வெள்ளெலிகளைக் கொண்டு ஆராயலானார். அவரும் மார்கரீட் டேவிஸ் என்னும் அம்மையாரும் 1913இல் வெண்ணெயில் உயிர்காக்கும் நுண்பொருள் ஒன்று உண்டெனக் காட்டினர். அதுவே பின்னர் ‘வைட்டமின் ஏ’ என்று பெயர் பெற்றது. இச்சத்துக் குறைவினால் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. முற்றினால் பார்வையே போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் ஊர்க் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப்படுகிறதல்லவா? பார்வையிழந்த கோதுமைப் பிரிவு மாடுகளை மனத்திற்கொண்டு, தாய்மார்கள் அதனைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுமாறு ஊராட்சி உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து?

ஆராய்ச்சி என்பது செலவு மிகுந்த காரியம். பலன் வருமா என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆண்டுதோறும் மாநிலச் சட்டசபை ஒதுக்கும் தொகையை மட்டும் நம்பி நீண்டகால ஆராய்ச்சியை நடத்துவது கடினம். இதற்கொரு வழி கண்டவர் ஹாரி ஸ்டீன்பாக் என்பவர். 16 கிடேரிகள் ஆராய்ச்சியில் இளம் உதவியாளராகப் பணியாற்றியவரே இவர்.

சில உணவுப் பொருள்களின் மீது புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் அவற்றில் வைட்டமின் டி உண்டாகிறது என்று 1920களில் இவர் கண்டறிந்தார். குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ‘ரிக்கெட்ஸ்’ என்னும் நோயைத் தடுக்க இது பெருந்துணையாயிற்று. இவர் தம் சொந்தப் பணம் 300 டாலரைச் செலவிட்டுக் காப்புரிமை பெற்றார். அதன் வருவாயைத் தாம் வைத்துக்கொள்ளாமல், முன்னாள் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து 1925இல் ‘விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறநிறுவனம்’ ஒன்றை அமைக்கச் செய்தார். கண்டுபிடிப்புகளால் வரும் வருவாய் அடுத்த ஆராய்ச்சிக்கே செல்லும் என்பது அதன் விதி. விதைநெல்லை உண்ணாமல் அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கும் உழவரின் செயலை இது ஒத்திருக்கிறது.

இம்முறைக்கு மறுப்பும் எழாமலில்லை. பொதுமக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்குத் தனி உரிமை கொண்டாடலாமா என்று பலர் கேட்டனர். ஏழைகள் வாங்கும் விலை மலிந்த செயற்கை வெண்ணெயாகிய மார்கரினில் வைட்டமின் டி சேர்க்க இந்நிறுவனம் உரிமம் தர மறுத்தது. பால் வியாபாரத்தைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட இதனை 1940களில் அந்நாட்டு நீதிமன்றமும் கண்டித்தது. பாப்காக் இலவசமாகத் தந்தார். ஸ்டீன்பாக் உரிமை பெற்று வருவாயை ஆராய்ச்சிக்கு அளித்தார். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு ஏழையின் வீட்டை அடைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது மக்கள் பிரதிநிதிகளின் கடமை என்பதை மட்டும் இங்குச் சுட்டிக்காட்டுகிறோம்.

பனிப்புயலில் வந்த உழவர்

இனி, முதலில் குறிப்பிட்ட உழவரின் வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் குதிரை மசால், வேலி மசால் ஆகியவற்றைத் தீவனமாக வளர்ப்பதுபோல, அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் ‘ஸ்வீட் குளோவர்’ என்னும் பயறுவகைத் தீவனப் பயிரை வளர்த்து வந்தனர். அதனை உலர்த்திப் போர் போட்டுப் பனிக்காலத்தில் மாடுகளுக்குக் கொடுப்பார்கள். 1920களில் அப்பகுதிகளில் புதியதொரு நோய் பரவிற்று. காயடித்த காளைக்கும், கொம்பு நீக்கிய கன்றுக்கும் இரத்தம் நில்லாமல் வழிந்து உயிர் போயிற்று. காயமே படாத மாடுகளும் உடலினுள் இரத்தம் கசிந்து இறந்தன.

கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு இதனை ஆராய்ந்தார். ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் பூஞ்சணம் பூத்த தண்டுகளையும் தனித்தனியே பொறுக்கி, இரண்டு முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் வாழ்ந்தது. கெட்டதைத் தின்ற முயல் மாண்டது. நோய்க்குக் காரணம் கிருமியன்று, ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த தீவனமே என்பது தெளிவாயிற்று. வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் லீ ரோடரிக் என்பவர், அம்மாடுகளின் இரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் குறைந்துவிடுகிறது என்று காட்டினார். ஆயினும் தீவனத்தில் உள்ள நஞ்சு எது என்பது எவருக்கும் தெரியவில்லை.

1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க் என்னும் ஊரைச் சேர்ந்த உழவர் ஒருவர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மாடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் இறந்த கிடேரி ஒன்றும், பால் கேன் நிறைய உறையாத இரத்தமும், ஏறக்குறைய 45 கிலோ ஸ்வீட் குளோவர் தீவனமும் இருந்தன. அவருடைய தொழுவத்தில் டிசம்பரிலிருந்தே மாடுகள் ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்தன. எஞ்சியிருந்த காளைக்கும் மூக்கில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் தேடி வந்த கால்நடை அலுவலகம் விடுமுறையாதலால் மூடியிருந்தது. திறந்திருந்த கட்டடம் ஒன்றைக் கண்டு உள்ளே சென்றார். அஃது உயிர் இரசாயனத் துறை. அங்கே பேராசிரியர் கார்ல் பால் லிங்க் இருந்தார்.

லிங்க் அவருக்கு என்ன சொல்ல முடிந்தது? இத்தீவனத்தை நிறுத்துங்கள், இயன்றால் நல்ல மாட்டின் இரத்தத்தை ஏற்றிப் பாருங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அக்காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். வேறு தீவனம் வாங்க உழவரிடம் பணமில்லை. கெட்ட தீவனத்தைக் கொட்டிவிட்டால் மாடு பட்டினி. கொடுத்தால் மாடு சாவு. இந்த இருதலைக்கொள்ளி நிலையில் அவர் மீண்டும் பனிப்புயலில் ஊர் திரும்பினார். அன்றைய தினம் அறிவியல் அவருக்கு உதவவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் விட்டுச் சென்ற இரத்தமும் தீவனமும் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தன; அவர் விட்டுச் சென்ற கேள்வியும் இருந்தது.

ஆறு ஆண்டுகள்

லிங்க்கும் அவருடைய மாணவர்களும் கெட்ட தீவனத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியையும் முயல்களுக்குக் கொடுத்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறதென அளந்தனர். நஞ்சு எப்பகுதியில் இருக்கிறதோ அதனை மேலும் பிரித்தனர். மாணவர்கள் வந்தனர், சென்றனர். வேலை மட்டும் நிற்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1939 ஜூன் மாதத்தில், ஹெரால்டு காம்ப்பெல் என்னும் மாணவர் அந்நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். ஸ்வீட் குளோவருக்கு நறுமணம் தரும் ‘குமரின்’ என்னும் பொருளே பூஞ்சணத்தின் செயலால் இந்நஞ்சாக மாறுகிறது என்பது தெரியவந்தது. இதற்கு ‘டைகுமரால்’ எனப் பெயரிட்டனர். வைட்டமின் கே கொடுத்தால் இதன் தீமை மாறுகிறது என்பதையும் அறிந்தனர். அன்று உழவருக்குச் சொல்ல இயலாத பதில் இப்போது கையில் இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. மாட்டுக்கு இரத்தம் உறையாததால் துன்பம். மனிதருள் சிலருக்கோ இரத்தம் உறையக்கூடாத இடத்தில் உறைவதால் துன்பம். கால் நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். வேறிடத்து இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் வாதம் வரும். மாட்டைக் கொன்ற பொருளை அளவறிந்து கொடுத்தால் மனிதனைக் காக்குமல்லவா? 1940களில் மருத்துவர்கள் டைகுமராலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பயன் கண்டனர்.

1945இல் நுரையீரல் நோயுற்று ஓய்விலிருந்த லிங்க், எலிகளைப் பற்றிய நூல்களைப் படித்தார். எலி சூதுள்ள பிராணி என்பதை நாம் அறிவோம். புதிய உணவைச் சிறிது கடித்துப் பார்த்து, உடனே வயிறு கலங்கினால் மறுபடி அதனைத் தொடாது. இரத்தம் உறையாமற் செய்யும் பொருளோ மெதுவாக வேலை செய்வது, எலி சந்தேகிப்பதில்லை. தம் கூடத்தில் உருவாக்கிய பல பொருள்களுள் 42ஆம் எண்ணுள்ளது இதற்கு ஏற்றதென அவர் கண்டார். ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்த அறநிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘வார்ஃபரின்’ எனப் பெயரிட்டனர். 1948இல் அஃது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது.

1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த இளைஞர் ஒருவர் இந்த எலி மருந்தை உட்கொண்டுவிட்டார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுக்கப்பட்டு அவர் முற்றிலும் பிழைத்தார். மாற்று மருந்து உண்டு, அளவைக் கட்டுப்படுத்தலாம் என்பது இதனால் உறுதிப்பட, 1954இல் வார்ஃபரின் மனிதருக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் இம்மருந்து அளிக்கப்பட்டது. பூஞ்சணம் பிடித்த தீவனத்திலிருந்து ஒரு நாட்டுத் தலைவரின் படுக்கையருகே வரை அப்பொருள் சென்றது.

நாம் அறிய வேண்டிய எச்சரிக்கைகள்

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களும், இரத்தக்கட்டி நோயுள்ளவர்களும் நம் கிராமங்களில் வார்ஃபரின், அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைகளை உட்கொண்டு வருகின்றனர். எலி மருந்தையா மனிதருக்குக் கொடுக்கிறார்கள் என்று எவரேனும் கேட்டு அவர்களை அச்சுறுத்தினால், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது. ஆனால் அளவு தவறக்கூடாது. மருத்துவர் கூறிய நாளில் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கீரையில் வைட்டமின் கே மிகுதி. ஆதலால் ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் அறவே இன்றியும் உண்ணாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். பல் பிடுங்கவோ வேறு சிகிச்சைக்கோ செல்லும்போது இம்மாத்திரை சாப்பிடுவதை முன்னதாகச் சொல்ல வேண்டும். மூக்கிலோ, பல் ஈறிலோ, சிறுநீரிலோ இரத்தம் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரை அடைய வேண்டும்.

வயலில் எலிக்கு வைக்கப்படும் புரோமடியோலோன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, வார்ஃபரினைவிடக் கடுமையானது. அதன் தீமை உடனே வெளிப்படாமல் சில நாள்களுக்குப் பின்னரே தெரியும். ஆகவே, குழந்தையோ ஆடோ நாயோ இதனைத் தின்றுவிட்டதாக ஐயம் ஏற்பட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எல்லா எலி மருந்துக்கும் வைட்டமின் கே மாற்று ஆகாது. உறையைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

பட்வாரியின் மைந்தர்

இப்பல்கலைக்கழகத்தோடு நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய தொடர்பு ஒன்றும் உண்டு. பஞ்சாபில், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பகுதியில், ராய்ப்பூர் என்னும் சிற்றூர். ஏறக்குறைய 100 பேரே வாழ்ந்த ஊர். அங்கே நிலவரிக் கணக்கெழுதும் பட்வாரி ஒருவர் இருந்தார். நம் ஊர்க் கர்ணம் போன்ற உத்தியோகம். ஏழையாயினும் தம் மக்களைப் படிக்க வைப்பதில் அவர் உறுதியாயிருந்தார். அவருடைய மகன் மரத்தடியில் நடந்த பள்ளியில் பயின்றார். 1945இல் இந்திய அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். அவரே ஹர் கோவிந்த் கொரானா.

அவர் 1960இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நொதி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பெற்றோரின் குணங்கள் பிள்ளைக்கு வருவதற்குக் காரணமான மரபணுவில் எழுதப்பட்டுள்ள குறிப்பை, உடலின் உயிரணு எவ்வாறு படித்துப் புரதத்தை உண்டாக்குகிறது என்பது அக்காலத்தின் பெரும் புதிர். அதன் சொற்கள் ஒவ்வொன்றும் மூன்று எழுத்துகளைக் கொண்டவை. மொத்தம் 64 சொற்கள். அச்சொற்களைத் தாமே இரசாயன முறையில் கோத்து அமைத்து, எச்சொல்லுக்கு என்ன பொருள் என்று காட்டுவதில் கொரானா பெரும்பங்கு ஆற்றினார். இதற்காக 1968இல் மற்ற இரு அறிஞர்களுடன் நோபல் பரிசு பெற்றார். கிராமத்து மரத்தடிப் பள்ளியிலிருந்தும் இத்தகைய அறிஞர் தோன்றுவர் என்பதை, நம் ஊராட்சி எல்லையிலுள்ள பள்ளிகளின் குறைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவில் வைப்பது நன்று.

இக்காலத்துப் பணி

அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. 1998இல் ஜேம்ஸ் தாம்சன் என்பவர் மனிதக் கருவின் மூல உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் முறையைக் கண்டார். இதயம், நரம்பு, எலும்பு என உடலின் எவ்வுறுப்பின் அணுவாகவும் மாறவல்லவை அவை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சிய கருக்கள், பெற்றோரின் ஒப்புதலோடு அதற்குப் பயன்படுத்தப்பட்டன. ஆயினும் இது தக்கதா என்று பெரிய அறநெறி வாதம் மூண்டது. 2007இல் அவர் குழுவினரும், அதே காலத்தில் ஜப்பான் அறிஞர்களும், மனிதத் தோலிலிருந்து எடுத்த சாதாரண அணுக்களையே அத்தகைய மூல அணுக்களாக மாற்றிக் காட்டினர். மக்களின் அறநெறி ஐயம் விஞ்ஞானத்துக்குத் தடையன்று, நல்ல வழியைத் தேடச் செய்யும் தூண்டுகோலாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்று.

2010இல் அங்குத் திறக்கப்பட்ட ஆராய்ச்சி மாளிகையின் தரைத்தளத்தைப் பொதுமக்கள் தாராளமாக வந்து பார்க்கும்படி ஊர்மன்றம் போல அமைத்திருக்கின்றனர். 1933இல் தற்செயலாகத் திறந்திருந்த கதவு, இப்போது திட்டமிட்டே திறந்து வைக்கப்பட்டுள்ளது எனலாம்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, உயிர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பணி இன்னதென நாம் விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, மக்களும் கால்நடைகளும் படும் துன்பத்தைக் கேட்டறிவது. இரண்டாவது, அதன் காரணத்தைப் பொறுமையுடன் பிரித்தறிவது. மூன்றாவது, கண்ட மருந்தை முதலில் பிராணிகளிடமும் பின்னர் ஒப்புதல் அளித்த மக்களிடமும் சோதித்து உறுதி செய்வது. நான்காவது, பயனை மக்களிடமே கொண்டு சேர்ப்பது. முதலாவதும் நான்காவதும் கிராமத்தில் நடப்பவை. அவை இரண்டும் இல்லையேல் நடுவிலுள்ள இரண்டும் வீணாகும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரில் கால்நடைகள் அடுத்தடுத்து நோயுற்றாலோ இறந்தாலோ உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை, எவ்வயது, என்ன தீவனம், அறிகுறி யாது என்பவற்றை ஒரு தாளில் குறித்து வைத்தல் நலம். தின்ற தீவனத்தில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கலாம். ஆனால் டீர் பார்க் உழவரைப் போல இரத்தத்தை நாமே எடுத்துச் செல்லக்கூடாது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருநிற இரத்தம் வழிந்து மாடு திடீரென இறந்தால், அஃது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். அம்மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. கால்நடை மருத்துவர் வரும் வரையில் எவரும் நெருங்காமல் காக்க வேண்டும்.

இரண்டாவதாக, பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் கடலைப் பிண்ணாக்கையும் மாடுதானே என்று போட்டுவிடக்கூடாது. பிண்ணாக்கில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு பாலிலும் வந்து சேரும். அப்பாலை நம் குழந்தைகளே பருகுகின்றனர். மழைக்கு முன் வைக்கோல் போரை நன்கு மூடுவது சிறு வேலை. அதனால் வரும் காப்போ பெரிது.

மூன்றாவதாக, மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் ஊருக்கு வந்தால் அஞ்சி விரட்டவும் வேண்டாம். கேள்வி கேட்காமல் கைநாட்டு வைக்கவும் வேண்டாம். அறநெறிக் குழுவின் அனுமதி உண்டா, நன்மை தீமை யாவை, பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவர் என்று தமிழில் விளக்கும்படி கேளுங்கள். புதிய மருந்துச் சோதனைகளுக்கு இவையனைத்தும் கட்டாயம் என 2019ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் கூறுகின்றன. சேர்வதும் சேராததும், இடையில் விலகிக்கொள்வதும் அவரவர் விருப்பம். ஊராட்சித் தலைவரின் கையொப்பம் எந்தக் குடிமகனின் ஒப்புதலுக்கும் ஈடாகாது என்பதைத் தலைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

டீர் பார்க் உழவர் அன்று வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த விடை அவர் இழந்த மாடுகளை மீட்டுத் தரவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வியால் கோடிக்கணக்கான நோயாளிகள் இன்று பயன் பெறுகின்றனர். நம் ஊரிலும் நாளை ஒரு மாடு காரணம் தெரியாமல் வீழலாம். அப்போது துக்கம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், ஏன் என்று கேட்டு, அக்கேள்வியை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்போமாக. அதற்கான வழியைத் தத்தம் ஊராட்சியில் அமைத்துத் தர மன்ற உறுப்பினர்கள் முன்வருவர் என நம்புகிறோம்.